வேலி வரை வந்த பள்ளம்

உவர்க்குளத்தில் கோலிக்குண்டு உருளாது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில், பெரிய கையொன்று தடவிவிட்டதுபோல அந்த ஊர் அவ்வளவு சமமாகக் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் விழுந்த இடத்திலேயே நின்று வற்றும், கைதவறிய எலுமிச்சம்பழம் காலடியிலேயே கிடக்கும், சைக்கிளில் போகிறவர் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் சட்டென்று நின்றுவிடும். ஊரில் இருந்த ஒரே சரிவு, அரசு ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்டிருந்த ஒன்பதடிச் சாய்தளம்தான்.

அந்த ஊருக்குத்தான் கடல் கடந்த ஏதோ ஓர் அறக்கட்டளை பதினோரு சறுக்குப் பலகைகளை அனுப்பியது. நாலு சின்னச் சக்கரம் வைத்த பலகை. ஏறி நின்று, ஒரு காலால் தரையை உந்தி, சரிவில் விட்டால் பறக்கும். கூடவே வந்த கடிதத்தில், ஊருக்குப் பொதுவாக ஓர் இடத்தைத் தேர்ந்து சொன்னால், ஆவணி பிறப்பதற்குள் சரிவும் குழியுமாகக் கான்கிரீட் போட்டு ஒரு சறுக்குப் பூங்கா கட்டித் தருகிறோம் என்று எழுதியிருந்தது.

பேரூராட்சித் தலைவர் தொம்மை அண்ணாச்சி மூன்று இடங்களைப் பார்த்தார். பள்ளிக்கூட மைதானத்தில் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் உப்புத் தண்ணீர் ஊறியது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தோண்டினார்கள், அங்கேயும் ஊறியது. பழைய உப்பு மூட்டைக் கிட்டங்கிக்குப் பக்கத்தில் தோண்டியபோது தண்ணீரோடு ஒரு நண்டும் வந்து, அண்ணாச்சியின் செருப்பைப் பிடித்துக்கொண்டது.

"தரை மட்டத்துக்கு மேல மேடு கட்டிக்கிடலாமே அண்ணாச்சி" என்றார் ஒருவர்.

"கட்டலாம். உப்பு மண்ணு தாங்காதுன்னு இன்ஜினீயர் சொல்லுதாரு. ஒரு பக்கம் மேடு கட்டுனா, நாம எல்லாரும் சேந்து இன்னொரு பக்கம் போயி நிக்கணுமாம்" என்றார் அண்ணாச்சி, செருப்பை உதறிக்கொண்டு.

அதனால் பதினோரு பலகைகளும் பதினோரு வீட்டுச் சுவர்களில் சாய்ந்து நின்றன. பிள்ளைகள் முறைவைத்து ஆஸ்பத்திரிச் சாய்தளத்தில் விட்டார்கள். ஒன்பதடி போய் நின்றார்கள். திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.

சித்திரை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் பால்காரர் மேலத்தெருவுக்குள் திரும்பியபோது, அங்கே ஒரு பள்ளம் இருந்தது. முந்தின நாள் இல்லை. நாற்பது தப்படி அகலம், நடுவில் ஓர் ஆள் ஆழம், விளிம்பிலிருந்து அடிவரைக்கும் பழகிய ஆட்டுக்கல்லின் குழிபோல ஒரே வழவழப்பு. எதுவும் இடியவில்லை, எதுவும் உடையவில்லை. அதற்குள் அகப்பட்ட ஆறு வீடுகளும், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கத் தலையைச் சாய்த்ததுபோல உள்பக்கம் சாய்ந்து நின்றன. முழங்கை ஆழத்தில் ஊறுகிற உப்புத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் மட்டும் ஊறவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் ஊறிவிடுமோ என்ற பயம்.

"யம்மா, இன்னைக்குச் செம்பைக் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க" என்றார் பால்காரர். அன்று அதைப் பற்றிப் பேசப்பட்டது அவ்வளவுதான். பிள்ளைகள் பலகைகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

வியாழக்கிழமை பள்ளம் கீழத்தெருவில் இருந்தது. மேலத்தெரு பழையபடி சமமாகிவிட்டது. தரையில் ஒரு கீறல்கூட இல்லை, பிள்ளைகளின் முழங்காலில்தான் இருந்தது. அடுத்த வாரம் அது மாதா கோயில் தெருவுக்குப் போனது, அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியில் போய் இரண்டு நாள் இருந்தது, அங்கிருந்து சந்தைக்கு வந்தது. ஊர் அதற்கேற்ப நடந்துகொண்டது. டீக்கடையில் பள்ளத்து நாட்களில் அரைக் கிளாஸ்தான் ஊற்றினார்கள். குழம்பு ஒரு பக்கமாகப் போகிறது என்று பெண்கள் சோற்றை அணைகட்டி வைத்தார்கள். தபால்காரர் உறைகளில் "பள்ளம், தற்சமயம் சந்தை" என்று பென்சிலில் எழுதிக்கொண்டார், பென்சில் என்றால் அழித்துக்கொள்ளலாம். சர்வேயர் ஊர் வரைபடத்தில் ஒரு ரூபாய் வட்டத்துக்குக் காகிதம் வெட்டி, ஒட்டாமல், அப்போதைக்கப்போது நகர்த்தி வைத்தார். வைகாசியில் பள்ளத்துக்குள் நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்த உடனே ஒருவரை நோக்கி ஒருவர் சறுக்கி வந்து முட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து கல்யாணம் வைத்தவர்கள் எல்லாரும் பள்ளம் இருக்கும் தெருவில் வாடகைக்கு வீடு தேடினார்கள்.

பள்ளம் தங்கள் தெருவில் இருந்தபோது "என்ன எழவு பள்ளம், கட்டில்ல படுத்தா காலைல அடுக்களையில கெடக்கோம்" என்று சலித்துக்கொண்டவர்கள், அது கிளம்பிப் போனதும், "அங்க அப்படி என்னத்தக் கண்டுட்டுதாம்?" என்று கேட்டார்கள். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருக்காரர்களோடு பேச்சை விட்டார்கள். சந்தைத் தெருக்காரர்கள் விளிம்பில் மாக்கோலம் போட்டு, பானகம் கரைத்து வைத்து, அதைப் போகாமல் தடுக்கப் பார்த்தார்கள். அது பானகத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. போய், ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, நடுத்தெருவில் வடிவு வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் படுத்தது. படுத்தது, பிறகு எழுந்திருக்கவேயில்லை.

அந்த மனைக்கும் அடுத்த மனைக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு பனைமட்டை வேலி. அடுத்த மனை சந்தனமாரியுடையது. பள்ளத்தின் விளிம்பு, கயிறு பிடித்து அளந்ததுபோல, வேலிக்கு நாலு விரற்கடை தள்ளி நின்றது.

சந்தனமாரியும் வடிவும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். மூத்தவர் மாசானத்துக்குச் சந்தனமாரி, இளையவருக்கு வடிவு. ஆண்கள் இருவரும் உப்பளத்தில் ஒரே பாத்தியில் வேலை பார்த்தார்கள், ஒரே சைக்கிளில் போய் வந்தார்கள், பேசுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை. மாமனார் மனையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். சரிபாதிதான். ஆனாலும் குடிதண்ணீர்க் குழாய் வந்தபோது வடிவு வாசலில்தான் வந்தது. தெருவிளக்கு நட்டபோது வடிவு வீட்டு மூலையில் நட்டார்கள். ஒரே நாளில் ஒரே வியாபாரியிடம் வாங்கிய இரண்டு முருங்கைக் கொம்பில் வடிவினது காய்த்தது, சந்தனமாரியினது கம்பளிப்பூச்சி வளர்த்தது. சந்தனமாரி இட்லி மாவு அரைத்து விற்றாள். காலையில் கிரைண்டர் சுற்றச் சுற்ற இவையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்து, சுற்றி, உள்ளே போய், மறுபடி மேலே வந்தன. பதினாறு வருடமாக அரைத்தும் அந்த மாவு நைஸாகவில்லை.

ஒன்றே ஒன்று அவள் பக்கம் இருந்தது. கார்த்தீஸ்வரி. பதிமூன்று வயது, ஒரே மகள். வடிவுக்குப் பிள்ளை இல்லை; ஊர் அதைச் சொல்லும், வடிவு சொன்னதில்லை. சந்தனமாரியும் சொன்னதில்லை, ஆனால் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது "கார்த்தீ, ஏ கார்த்தீ" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூப்பிடுவாள்.

இப்போது கூப்பிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

பதினோரு பலகைகளில் ஒன்று கார்த்தீயினது, அதை ஓட்டத் தெரிந்த கால்களில் அவள் கால்தான் முதல். பள்ளிக்கூடம் விட்டதும் பையை மாவுக்கடை வாசலில் எறிந்துவிட்டு வேலியைத் தாண்டினாள். விளிம்பில் பலகையை வைத்து, மூச்சை இழுத்து, உள்ளே விழுந்து, எதிர்ப்பக்கம் ஏறி, ஒரு கணம் காற்றில் நின்று திரும்பினாள். அந்த ஒரு கணத்தில் அவள் முகம் வேலிக்கு மேலே தெரியும். சந்தனமாரி வேலியோரம் நின்று அந்த முகத்துக்காகக் காத்திருந்தாள். முகம் வந்தது, ஆனால் அது இவளைப் பார்க்கவில்லை.

கார்த்தீ அங்கேயே சாப்பிட்டாள். "சித்தி வீட்டுல கருவாட்டுக் குழம்பு" என்றாள். அங்கேயே வீட்டுப்பாடம் எழுதினாள், பென்சில் உருண்டால் பிடித்துக்கொண்டு. ஒரு நாள் பின்னல் மாறியிருந்தது. சந்தனமாரி போட்டுவிடும் மூன்று கால் பின்னல் இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கி ஏறினால் பிரிந்து முகத்தில் விழும். வடிவு எண்ணெய் தொட்டு, நாலு காலாகப் பிரித்து, கயிறுபோல இறுக்கிப் பின்னியிருந்தாள். பொழுது சாயும்வரை விழுந்து எழுந்தும் ஒரு மயிரிழை பிசகவில்லை.

"நல்லா இருக்காம்மா?" என்றாள் கார்த்தீ.

"எலிவால் கணக்கா இருக்கு" என்றாள் சந்தனமாரி. அன்று அரைத்த மாவு பொங்கவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. தன் மனையில் நின்ற உடைமரங்களை வெட்டித் தள்ளினாள், கூட்டினாள், சாணம் தெளித்தாள், சந்தைத் தெருவைவிடப் பெரிதாகக் கோலம் போட்டாள். பள்ளம் வரவில்லை. ஒரு சின்னப் பள்ளத்தைக் கண்டாலாவது பெரிய பள்ளம் வரும் என்று மண்வெட்டி எடுத்துத் தானே தோண்டினாள். உப்புத் தண்ணீர் ஊறி, வடிவின் வாத்துகள் வேலியைத் தாண்டி வந்து அதில் நீந்தின. பள்ளம் போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூடப் போயிருந்தது. சுடுகாட்டுக்குப் போயிருந்தது. அவளிடம் மட்டும் நாலு விரற்கடை தூரத்தில் நின்றுகொண்டது.

பதினேழாவது நாள் தொம்மை அண்ணாச்சி நடுத்தெரு வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார். ஆவணி நெருங்குகிறது, கான்கிரீட் லாரிக்காரர் போனில் விலாசம் கேட்கிறார், பள்ளம் கிடக்கிற இடத்திலேயே கொட்டிவிட்டால் பிறகு அது எங்கேயும் போகாது, ஆகவே வடிவு மனைதான் பூங்கா, வடிவும் அவள் வீட்டுக்காரரும் மனையை ஊருக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சந்தனமாரி எழுந்தாள்.

"ஊர் சுத்துற பள்ளம் அண்ணாச்சி அது. இன்னைக்கு அங்க கெடக்கு, நாளைக்கு உங்க அடுக்களைக்கு வரும். அது படுத்த எடத்துக்கெல்லாம் பட்டா போடுவியளா?"

"அதுக்கு என்ன செய்யணும்ங்கே, தங்கச்சி?"

"ரெண்டு மனையும் ஒரே மனுசன் பிரிச்சுக் கொடுத்த மனை. ஒரே அளவு. என் மனையையும் நான் எழுதித் தாரேன்." மாசானம் தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன பாக்கிய? தாரோம்னு சொல்லுங்க."

"தாரோம்" என்றார் மாசானம். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "மனை போனா போவுது, இவ தூங்குனாச் சரி" என்றார்.

"அம்மன் முன்னால பூ வச்சுப் பாப்போம். பூ எந்தப் பக்கம் சொல்லுதோ அந்தப் பக்கம் பந்தக்கால் நடுங்க. பந்தக்கால் நட்டா பள்ளம் வராமலா போயிரும்?"

கூட்டம் முணுமுணுத்தது. முணுமுணுப்பில் சந்தோஷம் இருந்தது. பள்ளம் வடிவுக்கு அத்தனை சுலபமாகப் போவதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும்கூட விருப்பமில்லை. அண்ணாச்சி கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டு, "மாதா கோவிச்சுக்கிட மாட்டா. வைங்க பூவை" என்றார்.

வடிவு வேப்பமரத்தின் அந்தப் பக்கத்தில் நின்று சந்தனமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உவர்க்குளத்தில் பூ வைத்துப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் தங்கள் பூவைத் தாங்களே பூவரச இலையில் பொதிந்து, ஒரே அளவாக, பனைநாரால் கட்டிக் கொண்டுவர வேண்டும். ஒருவருக்குச் சிவப்பு அரளி, ஒருவருக்கு வெள்ளை. பூசாரி இரண்டு பொட்டலங்களையும் மூடிய தட்டில் உருட்டிவிட்டு அம்மன் காலடியில் வைப்பார். உறவில்லாத ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். எடுத்ததைப் பிரித்துப் பார்ப்பார்கள். எடுக்காததைப் பிரிக்காமலேயே கோயில் தெப்பக்குளத்தில் போட்டுவிடுவார்கள். தோற்ற பூவின் முகத்தைப் பார்க்கக் கூடாது.

சிவப்பு சந்தனமாரிக்கு, வெள்ளை வடிவுக்கு என்றானது. குழந்தையாக அண்ணாச்சியின் பேத்தி ஜெசிந்தா வந்தாள், ஐந்து வயது.

சந்தனமாரி தன் பொட்டலத்தை முதல்நாளே கட்டி, மாவு வைக்கும் பிரிட்ஜில், மேல்தட்டில், ஐஸ் கட்டிக்கு அடியில் வைத்தாள். காலையில் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கோயில் வாசலில் ஜெசிந்தாவின் கையில் பனங்கற்கண்டைத் திணித்து, குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள்: "கண்ணை மூடிட்டு ரெண்டையும் தொட்டுப் பாருட்டி தங்கம். எது ஜில்லுன்னு இருக்கோ, அதை எடு. என்ன?"

"ம்" என்றாள் ஜெசிந்தா, கற்கண்டைக் கடித்துக்கொண்டு.

முப்பிடாதி அம்மன் கோயிலில் அன்று நிற்க இடமில்லை. பூசாரி தட்டை உருட்டி இறக்கினார். ஜெசிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். வலது பக்கப் பொட்டலத்தின் மேல் விரல் பட்டதும், சுட்டதுபோல இழுத்துக்கொண்டு, சட்டென்று இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தாள்.

 குழந்தை சந்தனமாரியைத் தேடிப் பிடித்து, எல்லாருக்கும் நடுவில் நின்று, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னது: "ஜில்லுன்னு எதையும் தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கா. சளி பிடிக்கும்."

என்ன சொல்கிறது பிள்ளை என்று யாருக்கும் புரியவில்லை. சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளை வரப்போகிறது. குழாய், விளக்கு, முருங்கை, பள்ளம், கார்த்தீ என்று வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தபோது குலவைச் சத்தம் கேட்டது.

"சிவப்பு! சந்தனமாரி பக்கம்!"

கண்ணைத் திறந்தாள். பூசாரியின் உள்ளங்கையில், வாடாத பூவரச இலைக்கு நடுவில், ஐந்து சிவப்பு அரளிப் பூக்கள் இருந்தன. கைநீட்டித் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் நடந்து வந்த கையின் சூடு இன்னும் அதில் இருந்தது. அது அவளுடைய பொட்டலம் இல்லை.

அவளுடைய பொட்டலம் தெப்பத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளும் சிவப்புதான். இரண்டிலும் சிவப்பு என்பது அந்த ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி இங்கே நின்றாள், இன்னொருத்தி கூட்டத்துக்குப் பின்னால், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பந்தக்கால் நட்டார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, சந்தனமாரி மனையின் வடகிழக்கு மூலையில் மூங்கிலை இறக்கியதும், பள்ளம் எழுந்து, தொழுவத்துக்குத் திரும்புகிற எருமையின் நிதானத்தோடு வேலிக்கு அடியில் நகர்ந்து இந்தப் பக்கம் வந்து படுத்தது. வேலி ஒருமுறை தலையாட்டிவிட்டு நின்றது. மதியத்துக்குள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கார்த்தீ வந்துவிட்டாள். பையைக் கடை வாசலில் எறிந்தாள், வேலியைத் தாண்டவில்லை.

சந்தனமாரிக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, ஒன்றுமே இனிக்கவில்லை. கிரைண்டர் சுற்றச் சுற்ற ஒரே கேள்விதான் சுற்றியது. அவள் ஏன் வேண்டாம் என்றாள்? கையில் இருந்ததை ஏன் விட்டாள்? இதைவிடப் பெரிதாக என்ன வைத்திருக்கிறாள்? வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வடிவின் மனை துடைத்துவிட்ட தட்டுபோலச் சமமாக, சத்தமில்லாமல் கிடந்தது. நடுவில் கட்டிலைப் போட்டு வடிவு படுத்திருந்தாள். கட்டில் எங்கேயும் போகவில்லை. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது; அதுவும் நேராக நின்றது. இந்தப் பக்கம் சந்தனமாரியின் மாவுக் குண்டான் மூன்று தடவை சறுக்கிக் கவிழ்ந்திருந்தது. அந்தச் சமதரையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

நாலாவது நாள் மத்தியானம் தாங்க முடியாமல் வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஏட்டி வடிவு. ஏன் சிவப்பு வச்ச?"

வடிவு எழுந்து உட்கார்ந்து, கட்டிலில் இடம் விட்டாள். சந்தனமாரி உட்காரவில்லை.

"நீங்க ஏன்க்கா பூவைப் பிரிட்ஜில வச்சிய? பிள்ளை ஜில்லுன்னு சொன்னது எனக்கா வெளங்காது?"

"அது வேற. நான் ஜெயிக்க வச்சேன். தோக்கணும்னு யாராவது கள்ளத்தனம் பண்ணுவாளா? என்னத்த மறைச்சு வச்சிருக்க? சொல்லிரு."

வடிவு முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"பதினேழு நாளா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தியள்லா, ஒரு பார்வை. கார்த்தீ எப்ப மேல வருவா, முகம் எப்பத் தெரியும்னு. சோறு தண்ணி இல்லாம."

"பாத்தேன். அதுக்கென்ன?"

"அது என் பார்வைக்கா."

சந்தனமாரிக்குப் புரியவில்லை.

"பதிமூணு வருசமா நான்தான் அந்த வேலியில நிக்கேன். நீங்க அவளைக் குளிப்பாட்டும்போது, தலை சீவும்போது, அடிக்கும்போது. நீங்க என் வாசல் குழாயைப் பாத்துட்டு நிப்பிய, நான் உங்க வாசல் பிள்ளையைப் பாத்துட்டு நிப்பேன். எனக்கு அது பழகிப் போச்சு. திடீர்னு பிள்ளை இந்தப் பக்கம் வந்துட்டா, நீங்க என் எடத்துல போயி நின்னுக்கிட்டிய. நான் சந்தோசமாத்தான் இருக்கணும். ஆனா திரும்பிப் பாத்தா வேலியில என் முகமே நிக்குது. அந்த முகம் எவ்வளவு வலிக்கும்னு எனக்குல்லா தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சட்டென்று குரலை மாற்றினாள். "அதான், பள்ளத்தை நீங்க எடுத்துக்கோங்க, என் எடத்தை எனக்குக் குடுங்க."

 பதினாறு வருடமாகத் தான் ஒருத்திதான் அரைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சந்தனமாரி நினைத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு கல் சுற்றியிருக்கிறது. இவளுடைய கிரைண்டர் சத்தத்தில் அது கேட்கவில்லை.

"கட்டில் நல்லா இருக்கு" என்றாள் கடைசியில். "சறுக்கல."

"உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தாள். அந்தச் சமதரையில், கால்மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மாவு புளித்துவிடும் என்று எழுந்து போனாள்.

ஆடி இருபத்தெட்டில் கான்கிரீட் போட்டு முடித்தார்கள். பள்ளம் அசையாமல் படுத்திருந்து ஈரச் சிமெண்டைத் தன்மேல் பூசிக்கொண்டது. ஆனால் காய்ந்த பிறகு இன்ஜினீயர் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது, மொத்தக் குழியும் வடிவு மனைப் பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. "போடும்போது சரியாத்தானே இருந்தது" என்றார் அவர். ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பு விழா. மேலத்தெருவும் கீழத்தெருவும் வந்து, "நம்ம தெருவுல கெடந்தப்ப இன்னும் ஆழமா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு நின்றன. தொம்மை அண்ணாச்சி ரிப்பனை வெட்டி, மனை கொடுத்த சந்தனமாரிக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டினார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வடிவு ஒரு முக்காலி போட்டு ஏறி, வேலியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். தலையில் வெயிலுக்குத் துண்டு, பக்கத்தில் மோர்ச் சொம்பு.

"யக்கா! பொன்னாடை என்ன கலரு? அரக்கா?"

"ஆமா, அரக்கு!"

"எனக்குல்லா எடுப்பா இருக்கும் அந்தக் கலரு! ஏந்தான் விட்டேனோ! பாருங்க, வயிறு எப்படி எரியுதுன்னு!"

கூட்டம் சிரித்தது. சந்தனமாரிக்கு உடம்பு முழுக்க ஏதோ ஒன்று குளிர்ந்து இறங்கியது. தன்னைப் பார்த்து ஒருத்தி எரிகிறாள், நாலு பேர் கேட்கச் சொல்லியும் விட்டாள். கழுத்தை நிமிர்த்தி, பொன்னாடையின் கரை வேலிப் பக்கம் தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

முதல் ஆளாகக் கார்த்தீ இறங்கினாள். விளிம்பிலிருந்து விழுந்து, அடியைத் தொட்டு, அந்த ஒரு விரற்கடைச் சாய்வில் வேகம் கூடி, வேலிப் பக்கமாக ஏறிக் காற்றில் நின்றாள். அந்த ஒரு கணத்தில் அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. "அம்மா, பாத்தியா?" என்று கத்தினாள். பார்த்தேன் என்று சொல்ல இவள் கையைத் தூக்குவதற்குள் அவள் மறுபடி இறங்கிப் போயிருந்தாள்.

ஐந்தாறு சுற்று முடிந்து, வேர்த்து ஒழுக, பலகையைத் தூக்கிக்கொண்டு கார்த்தீ நேராக வேலியோரம் போனாள். வடிவு மோர்ச் சொம்பை நீட்டினாள். கார்த்தீ குடித்துக்கொண்டே முதுகைத் திருப்பினாள். வடிவு முக்காலியில் நின்றபடி, வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, நாடாவை அவிழ்த்து, நாலு காலாகப் பிரித்து, பின்ன ஆரம்பித்தாள்.

சந்தனமாரி நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்தாள். குளிர்ந்து இறங்கியதெல்லாம் ஒரு நொடியில் ஆவியாகி, பழைய எரிச்சல் தன் தொழுவம் தெரிந்த எருமையைப் போல நேராக வந்து நெஞ்சில் படுத்தது. பொன்னாடையை இடுப்பில் செருகினாள். அண்ணாச்சி ஏதோ சொல்ல வந்தார், அவரை ஒதுக்கினாள். பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே விடுவிடுவென்று நடந்து வேலிக்குப் போய், கார்த்தீயை இடுப்பால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு, வடிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?" என்றாள் வடிவு.

சந்தனமாரி கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"எனக்கு அஞ்சு கால்" என்றாள்.